கடைசி வரியிலிருந்து படித்த கண்

1. முதல் நாள்

அச்சாபீஸில் முதல் நாள் என் கையில் தந்தது ஒரு நாவலின் காலி புரூப். பக்கமாகப் பிரிப்பதற்கு முன்னால் நீளத் தாளில் எடுக்கும் பிரதி அது. கைக்குழந்தைக்காரி என்பதால் வீட்டுக்கு எடுத்துப் போய்த் திருத்தலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். நான் ஆசையாக முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினேன். ஃபோர்மன் தடுத்தார்.

"கதையைப் படிச்சீகன்னா பிழை தப்பிச்சு ஓடிரும் தாயி. கடைசி வரியில ஆரம்பிச்சு மேல போங்க. யாரு செத்தா, யாரு பொழச்சா, நமக்கெதுக்கு?"

அப்படியே பழகினேன். பிழைகள் தப்பவில்லை. ஆனால் வாசகசாலைப் புத்தகத்தை எடுத்தாலும் விரல் முதலில் கடைசிப் பக்கத்துக்குப் போனது. கொண்டையில் செருகிய பென்சில் தானாகக் கைக்கு வந்தது. வேலை நன்றாக வருகிறதே என்று சந்தோஷப்படுவதா, வேறெதுவோ போய்விட்டதே என்று பயப்படுவதா, தெரியவில்லை.

2. படகு

அந்தக் கோடையில் என் நாத்தனார் செல்லம்மா தலைப்பிரசவத்துக்காகத் திருமங்கலத்திலிருந்து வந்திருந்தாள். அவள் புருஷன் பட்டாளத்தோடு பர்மாப் பக்கம் போனவர். மாதக்கணக்காகச் சேதி இல்லை. வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை. மத்தியானங்களில் என்னைக் கதை வாசிக்கச் சொல்வாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் முடிவை நான் முன்கூட்டியே பார்த்துவிடுவேன் என்று புத்தகத்தைத் தன் தலையணைக்கடியில் வைத்துக்கொள்வாள்.

கடல் தாண்டிப் போன கணவனுக்காக ஆற்றங்கரையில் காத்திருக்கும் பெண்ணின் கதை. ஆடி வெள்ளத்தில் புளியம்பழம் உதிர்கிறது என்றிருந்தது. ஆடியில் ஏது புளியம்பழம் என்றேன். "பழம் கெடக்கட்டும் மதினி, மேல வாசிங்க" என்றாள்.

மறுநாள் வாசித்த பகுதியில், அந்தி நேரத்தில் ஒரு படகு வந்தது. அதில் ஓர் ஆள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பத்து வருஷமாச் சேதியே இல்லாதவன் இப்படியா வந்து நிப்பான்? நம்புற மாதிரியா எழுதியிருக்கான்?"

வயிற்றைத் தடவிக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

"நம்புற மாதிரி இல்லையா மதினி?"

பென்சிலைக் கொண்டையிலிருந்து எடுத்துத் தாழ்வாரக் கூரையின் எரவாணத்தில் செருகினேன். படகு தெரிகிற இடத்திலிருந்து மறுபடி வாசித்தேன்.

முற்றத்தில் வேப்பம்பூ உதிர்ந்துகொண்டிருந்தது. குழந்தை மடியில் தூங்கியது. வாசிக்க வாசிக்க, வெறும் மணலாய்க் கிடந்த வைகையில் தண்ணீர் வந்துவிட்டது போலிருந்தது. துடுப்பின் சத்தம் கேட்டது. படகில் நிற்பவன் தோளைச் சாய்த்து நின்ற விதம் எங்கள் வீட்டு மாப்பிள்ளையின் நிற்பு. அந்த வரியில் பிழை இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. படகு நடு ஆற்றுக்கு வந்ததும் அத்தியாயம் முடிந்தது. நிமிர்ந்தேன். செல்லம்மா தூங்கியிருந்தாள்.

புத்தகம் முதல்முறையாக என் கையில் தனியாக இருந்தது. விரல் வழக்கம்போலக் கடைசிப் பக்கத்துக்குப் போனது. அவளுக்குப் பொய்யான நம்பிக்கை கொடுக்கிறேனோ, முன்பே பார்த்துவைப்பதுதான் பொறுப்போ என்று வெகுநேரம் குழம்பினேன்.

எனக்குப் பின்னால் புரூப் பார்க்க வரும் பெண்கள் ஃபோர்மன் சொல்லைத் தட்டவேண்டாம். கடைசி வரியில்தான் ஆரம்பிக்கவேண்டும். கதை படிக்க உட்காரும்போது மட்டும் பென்சிலை எரவாணத்தில் செருகிவிடுங்கள்.

அன்றைக்கு நான் கடைசிப் பக்கத்தைப் புரட்டவில்லை. புத்தகத்தை அவள் தலையணைக்கடியில் மெல்லத் தள்ளிவிட்டு, குழந்தையோடு பக்கத்திலேயே படுத்துக்கொண்டேன். படகு நடு ஆற்றில் வந்துகொண்டிருந்தது.