உபத்திரவத்துக்குச் சேர்த்த அரிசி

கருவாடும் மண்ணெண்ணெயும் ஈரம் பட்ட சாக்கும் ஒன்றாகக் கலந்து, பூட்டிய கதவின் இடுக்கு வழியே கசிந்தால் என்ன வாடை வருமோ, அதுதான் எனக்கு இன்றுவரை கர்த்தருடைய வருகையின் வாடை. எக்காளச் சத்தம் என்றும் மேகங்களின் மேல் ஒளி என்றும் எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். என் மூக்கு மட்டும் அதை ஒருநாளும் நம்பவில்லை.

நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யம் போகும் சாலையை ஒட்டிய கடைமடை ஊர் எங்களுடையது. காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேர வேண்டிய, பல வருஷம் வந்து சேராத ஊர். தாத்தா காலம் வரை பிறர் வயலில் கூலிக்கு நட்ட குடும்பம். அப்பா டிராக்டர் ஓட்டினார், சித்தப்பா சிங்கப்பூர் போய்த் திரும்பி, எங்கள் ஓட்டு வீட்டுக்குப் பக்கத்திலேயே தளம் போட்ட வீடு கட்டினார். நடுவில் வேலி கிடையாது. ஒரு வீட்டில் குழம்பு கொதித்தால் மறு வீட்டில் சோறு வடியும். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு குடும்பமும் ஒரே கீற்றுக் கொட்டகையில், ஒரே சபையில், ஒரே பாயில் உட்கார்ந்திருந்தோம்.

அந்தச் சபையில் எல்லோருக்கும் மனப்பாடமான செய்தி ஒன்று உண்டு. கடைசிக் காலத்தில் "உபத்திரவம்" என்ற கொடிய காலம் வரும். அந்திக்கிறிஸ்து உலகத்தை ஆளுவான். அவனுடைய முத்திரையை வாங்கிக்கொள்ளாதவனுக்கு ஒரு பிடி அரிசிகூடக் கிடைக்காது. கர்த்தரோ விசுவாசிகளை ஒரு நொடியில் ஆகாயத்துக்கு எடுத்துக்கொள்வார். அதை "ரகசிய வருகை" என்போம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாசலில் அம்மாவைக் காணாவிட்டால், கர்த்தர் அவளை எடுத்துக்கொண்டு என்னை மட்டும் விட்டுவிட்டார் என்று நினைத்துவிடுவேன். பைக்கட்டை எறிந்துவிட்டுச் சித்தி வீட்டுக்கு ஓடி, தொட்டிலில் குழந்தை கிடக்கிறதா என்று பார்ப்பேன். பச்சைக் குழந்தையைக் கர்த்தர் விட்டுவிட்டுப் போகமாட்டார் என்பது என் கணக்கு. குழந்தை கிடந்தால் அம்மா கடைக்குத்தான் போயிருக்கிறாள். பத்து வயதுப் பெண்ணுக்குப் பெரியவர்கள் கொடுத்த பக்தி இது.

சண்டை வந்தது அந்த வருகை எப்போது என்பதில். சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா ஒரு பிரசங்கியாரின் சிடிக்களைக் கொண்டுவந்திருந்தார். உபத்திரவத்துக்கு முன்னால் அல்ல, பின்னால்தான் சபை எடுத்துக்கொள்ளப்படும் என்பது அவருடைய போதனை. ஒரு ஈஸ்டர் அன்று மதியம், பிரியாணி இலையில் இருக்கும்போதே சித்தப்பா ஆரம்பித்தார்.

"அண்ணே, முன்னாடியே தூக்கிட்டுப் போயிடுவாருன்னு எந்த வசனத்துல இருக்கு? உபத்திரவத்துக்குள்ள போய்த்தான் வெளிய வரணும்."

"ஒனக்கு விசுவாசம் இல்லடா," என்றார் அப்பா. "பெத்த தகப்பன் பிள்ளைங்களை அடிவாங்க விட்டுட்டு வேடிக்கை பாப்பானா?"

"சோதிச்சுப் பாப்பாரு. நாமதான் தயாரா இருக்கணும். நீங்க வெள்ளைச் சட்டையத் தோய்ச்சுப் போட்டுக்கிட்டுப் பறக்கறதுக்கு ஒக்காந்திருக்கீங்க."

அப்பா பாதி இலையில் எழுந்தார். அடுத்த வாரமே இரண்டு வீட்டுக்கும் நடுவே பனைமட்டைப் படல் ஒன்று முளைத்தது. சித்தப்பா வேதாரண்யத்தில் வேறொரு சபைக்குப் போகத் தொடங்கினார். அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர் முன்னால் என்றார், ஒருவர் பின்னால் என்றார். இதற்காக அம்மாவும் சித்தியும் குழம்புக் கிண்ணத்தைப் படலின் கீழ் இடுக்கில் தள்ளித் தள்ளி மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

முன்னால் என்று நம்பிய அப்பா எதையும் செய்வதை நிறுத்தினார். ஓடு சரிந்து மழை ஒழுகியபோது, "எத்தனை நாளைக்கு இந்த வீடு?" என்றார். பின்னால் என்று நம்பிய சித்தப்பா சேர்க்கத் தொடங்கினார். கொல்லைப் பக்கத்து அறையில் அரிசி மூட்டைகள், வேதாரண்யத்து உப்பு, கருவாடு, மண்ணெண்ணெய், தீப்பெட்டி, மெழுகுவர்த்தி. பிள்ளைகள் அதை "உபத்திரவ ரூம்" என்றோம். சாவி அவர் அரைஞாணில் தொங்கியது. நல்ல அரிசி அந்த அறைக்குள் போக, சித்தி தன் பிள்ளைகளுக்கு ரேஷன் அரிசி பொங்கினாள். "அந்திக்கிறிஸ்து வந்தப்புறம்தான் எங்க வீட்ல பொன்னி அரிசிச் சோறு" என்று அவள் அம்மாவிடம் சொல்லிச் சிரித்ததைக் கேட்டிருக்கிறேன். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வருஷம் கார்த்திகையில் புயல் வந்தது. விடியும் நேரத்தில் எங்கள் ஓடுகள் சீட்டுக்கட்டு போலப் பறந்தன. அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிலைவாசலில் நின்று, "தோத்திரம், தோத்திரம்" என்று வானத்தைப் பார்த்துக் கைதூக்கியிருந்தார். அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, என்னை இடுப்போடு அணைத்துக்கொண்டு, படல் இருந்த இடத்தைத் தாண்டிச் சித்தப்பா வீட்டுக்குள் புகுந்தாள். படலைக் காற்று எடுத்துப் போயிருந்தது. கொஞ்ச நேரத்தில் கீழத்தெருக்காரர்களும் வந்துவிட்டார்கள். தளம் போட்ட வீடு அது ஒன்றுதான். சித்தப்பா யாரையும் வெளியே நிறுத்தவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும்.

மரங்கள் விழுந்து சாலை அடைந்துகிடந்தது. வெளியிலிருந்து யாரும் வர வழியில்லை. சித்தி அடுப்படியில் இருந்ததையெல்லாம் கஞ்சியாக்கி ஊற்றினாள். அதுவும் தீர்ந்தது. அந்தக் கூடத்தில், ஈரத்துணியும் மூத்திர நாற்றமுமாக ஜனங்கள் சுருண்டு கிடக்க, அண்ணனும் தம்பியும் பல மாதங்களுக்குப் பிறகு பேசிக்கொண்டார்கள். பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தலில் சொன்ன பெருங்காற்று இதுவா, வேறா என்று.

கீழத்தெரு செல்லக்கிளி அக்காவின் பெண் குழந்தைக்கு அழுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் வாய் மட்டும் திறந்து மூடியது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்த சித்தி எழுந்து வந்து கை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க."

"எதுக்கு?"

"எதுக்கா? பிள்ளைங்களப் பாருங்க."

"இது உபத்திரவம் இல்ல, எஸ்தர். இது வெறும் புயல். இதுக்கு கவர்மெண்டு வரும். அதுக்கு யாரும் வரமாட்டாங்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சிறுபிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார். வாழ்க்கையில் எத்தனையோ குரூரங்களைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பொறுமையான குரல்தான் இன்னும் குமட்டுகிறது.

சித்தி கொல்லையிலிருந்து கடப்பாரையை எடுத்துவந்தாள். யாரும் உதவிக்குப் போகவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. நாதாங்கி பெயர்ந்து கதவு திறந்தபோது, வெளியே வந்த நாற்றத்தில் முன்னால் நின்றவர்கள் பின்வாங்கினார்கள். கீழ் வரிசை மூட்டைகள் தண்ணீர் குடித்து ஊதிக் கறுத்திருந்தன. மேல் மூட்டைகளில் அந்து கூடு கட்டி, அரிசியே நகர்வதுபோல வண்டு மேய்ந்தது. கருவாட்டில் புழு நெளிந்தது. சித்தியின் பிள்ளைகள் தின்றிருக்க வேண்டிய சோறு அது.

அம்மாவும் செல்லக்கிளி அக்காவும் புடைத்து, அலசி, வண்டு மிதக்க மிதக்க வடித்துவிட்டு, மிஞ்சியதை உலை வைத்தார்கள். அப்பா சுவரோரம் உட்கார்ந்து, "பாத்தியாடா, சேத்து வெச்சா இப்பிடித்தான் ஆகும்," என்றார். அவர் முகத்தில் சந்தோஷம் இருந்தது. ஊரே ஒழுகிக்கொண்டிருக்கும்போது, தான் சொன்னது சரியாகிவிட்ட சந்தோஷம்.

அம்மா கரண்டியோடு திரும்பினாள். "நீங்க பறக்கறதா இருந்தா இப்பவே பறந்துடுங்க. சோத்துக்கு ஆள் நிறைய இருக்கு."

அப்பா பறக்கவில்லை. இரண்டாம் முறையும் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

தண்ணீர் வடிந்த பிறகு சித்தப்பாவின் சபையில் சித்தியை முன்னால் அழைத்து முழங்காலில் நிற்கச் சொன்னார்களாம், அவிசுவாசத்துக்காக மன்னிப்புக் கேட்கச் சொல்லி. அவள் நின்றபடியே, "பிள்ளைங்க சாப்பிட்டுச்சுங்க, அதுக்கு எதுக்கு மன்னிப்பு?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். பிறகு எந்தச் சபைக்கும் போகவில்லை. பள்ளி திறந்ததும் அம்மா அப்பாவிடம் கேட்காமலே என்னைத் தஞ்சாவூர் விடுதியில் சேர்த்தாள். "வருகை வந்தா தஞ்சாவூருக்கும் வரும். அதுவரைக்கும் படிக்கட்டும்," என்றாள். நான் ஊரைவிட்டுத் தப்பித்தது அந்த ஒரு வாக்கியத்தால்.

போன கிறிஸ்துமஸுக்குப் போயிருந்தேன். கீற்றுக் கொட்டகைச் சபை இருந்த இடத்தில் இறால் குட்டை. கீழத்தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. செல்லக்கிளி அக்கா குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டாள். சித்தி மகளோடு தஞ்சாவூரில் இருக்கிறாள், திரும்பி வருவதில்லை. அம்மா இறந்து இரண்டு வருஷமாகிறது. இவற்றில் எதற்காகவும் எனக்கு ஏக்கமில்லை, அம்மாவையும் சித்தியையும் தவிர.

அண்ணனும் தம்பியும் வாசலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே செல்போனில் யாரோ ஒருவரின் பிரசங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அப்பாவுக்குக் கண் மின்னியது.

"வா, வா. இப்பதாம்மா எங்களுக்கு சத்தியம் விளங்குச்சு. முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல. உபத்திரவத்துக்கு நடுவுல."

"பாதியில எடுத்துக்குவாரு," என்றார் சித்தப்பா, அண்ணனுக்கு ஆமோதிப்பாக.

அந்த ஒரு சொல் கிடைக்க இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. அதற்குள் படலுக்குக் கீழே கிண்ணம் தள்ளிய இருவரும் இல்லை. நான் கொண்டுபோன கேக்கைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டினேன்.

"இப்பதானே வந்தே, என்ன அவசரம்?" என்றார் அப்பா.

"பஸ் வந்துடும்பா," என்றேன்.

பஸ் வர இன்னும் நெடுநேரம் இருந்தது.