பூஜை போட்ட ஃபஸ் பெடல்

இது நடந்தது. ஆதாரம் கேட்பவர்களுக்கு ஓர் எக்ஸ்ரே படம் இருக்கிறது. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு வாடகை அறையில், டிரங்குப் பெட்டியின் அடியில், பழைய காலண்டர் தாளில் சுற்றிக் கிடக்கிறது. வைத்திருப்பவன் பெயர் சிவராஜ்.

2007ஆம் வருடம், ஆயுத பூஜை நாள். இருட்டு இல்லை, மழை இல்லை. பட்டப்பகல். பிற்பகல் மூன்று பத்திலிருந்து மூன்று ஐம்பது வரை, நாற்பது நிமிடம்தான்.

சிவராஜுக்கு அப்போது இருபத்தாறு வயது. ஸ்கூட்டருக்குத் தகடு அடிக்கும் ஒரு சின்ன கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டர். அறுபது டன் எடை ஒரு நொடியில் கீழே வந்து, தகட்டை ‘டை’ என்னும் அச்சில் நசுக்கி, மேலே போகும். தட். தட். தட். அந்த வேலையில் இருப்பவர்கள் புதிதாக ஒருவரைப் பார்த்தால் முகத்தைப் பார்ப்பதற்கு முன் விரல்களைத்தான் எண்ணுவார்கள்.

பிரஸ்ஸுக்கு முன்னால் இரண்டு பட்டன்கள் இருக்கும். இரண்டையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் அடி விழும். கை வெளியே இருக்க வேண்டும் என்பதற்காக அப்படி. ஆனால் அதில் வேகம் வராது. அதனால் சில கம்பெனிகளில் பட்டன் ஒயரைக் கழற்றிவிட்டுக் காலுக்கு ஒரு மிதி கொடுத்துவிடுவார்கள். கை உள்ளே தகட்டை வைக்கும், கால் கீழே மிதிக்கும். காலுக்குக் கை எங்கே இருக்கிறது என்று தெரியாது. விரல் போவது அங்கேதான்.

சிவராஜின் ஆசை ஒன்றுதான். பத்து விரலோடு பிரஸ் ஷாப்பை விட்டுப் போக வேண்டும். அவனிடம் ஒரு எலக்ட்ரிக் கிட்டார் இருந்தது. பெங்களூரில் ஒரு குழு அவனைக் கூப்பிட்டிருந்தது. ஒருமுறை வாசிக்கக் கேட்டுவிட்டு, “கை நல்லாருக்கு, சத்தந்தான் ரம்பம் மாதிரி இருக்கு. மெத்துன்னு ஒரு ஃபஸ் பெடலோட விஜயதசமி அன்னிக்கி பதினோரு மணிக்கு வா” என்று அனுப்பிவிட்டார்கள்.

ஃபஸ் பெடல் என்பது கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் மாட்டி, காலால் மிதிக்கும் பெட்டி. அது செய்யும் வேலை எளிது. கம்பியின் ஒலி அலை, மலை மாதிரி ஏறி இறங்கும். பெடல் அந்த மலையை வானம் முட்ட உயர்த்தி, உச்சியை வெட்டிவிடும். சிலிக்கான் டிரான்சிஸ்டர் வெட்டினால் விளிம்பு கத்தி போல இருக்கும், காதைக் கிழிக்கும். பழைய ரேடியோக்களில் இருந்த ஜெர்மேனியம் வெட்டினால் விளிம்பு உருண்டு வரும். தேன்கூட்டுக்குள் தலையை விட்ட மாதிரி ஒரு ரீங்காரம். அதற்குச் சூடு மட்டும் ஆகாது. பெட்டி சூடேறினால் சத்தம் கெட்டுவிடும்.

அன்று மதியம் ரேடியோ ரிப்பேர் கடை வெங்கடப்பனிடம் போனான். கடையில் பூஜை முடிந்திருந்தது. ஸ்குரூடிரைவர் முதல் மீட்டர் வரை எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம். இரண்டு பெடல்களை எடுத்துக் காட்டினார். இரண்டும் ரம்பம். அலமாரியின் கீழ்த்தட்டில் மூன்றாவது ஒன்று இருந்தது. பச்சை வார்ப்பிரும்பு. மேலே கால் நுழையக் கூடு. சிவராஜ் சிரித்துவிட்டான்.

“இது பிரஸ் மிதியாச்சே!”

“ஆமாம்ப்பா. மிதிக்குள்ளாறயே ஃபஸ் போட்டிருக்கான். மாதப்பன்னு ஒரு எலக்ட்ரீசியன், பாட்டுப் பைத்தியம். ஜெர்மேனியம் நாந்தான் குடுத்தன்.”

“அவரு எங்க?”

“அது தெரியல. இத அவன் சம்சாரம் கொண்டாந்து போட்டுட்டுப் போச்சி. வீட்ல வெக்கப் பயமா இருக்குதாம்.”

“நாளைக்கி ஒரு நாள் குடுங்கண்ணா.”

“வத்துப்பா, வேணாம். பூஜ போட்ட சாமான். இன்னிக்கி எந்த ஆயுதமும் ஓடக்கூடாது. காலால வேற மிதிக்கற சாமான். நாளைக்கிக் காலைல எடுத்துக்க.”

விடிந்தால் விஜயதசமி; கடை திறப்பதற்கு முன், காலை ஏழு மணிக்கே பஸ் ஏற வேண்டும். சிவராஜ் கெஞ்சினான். இன்று மிதிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் வாங்கினான்.

அறையில் பிரதாப் படுத்திருந்தான். திண்டுக்கல் பக்கத்துக்காரன், எட்டு மாதமாக அறைத்தோழன். பார்சல் குடோனில் வேலை. அதற்கு முன் எங்கே இருந்தான் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான். பெடலைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தான்.

“என்னடா இது?”

“ஃபஸ்ஸு.”

“எடுத்துட்டுப் போயிரு மாப்ள. எனக்குப் பிடிக்கல.”

“கேட்டுட்டுச் சொல்லுடா. ஓசி கச்சேரிதான?”

மணி மூன்று பத்து. ஜன்னலுக்கு வெளியே சிப்காட் அமைதியாக இருந்தது. வருடம் முழுவதும் தட் தட் என்று சுவர் அதிரும் இடம். அன்று ஒரு மிஷின்கூட ஓடவில்லை.

ஃபஸ் பெடலைத் தேர்ந்தெடுக்க மூன்று சோதனைகள் உண்டு. முதலாவது, ஒரே சுரத்தை அடித்துக் கேட்பது. சிவராஜ் கிட்டாரையும் ஆம்ப்ளிஃபயரையும் பெடலில் மாட்டி, சந்தனத்தைத் துடைக்காமல் வலது காலைக் கூட்டுக்குள் விட்டான். மிதித்தான்.

என்ன சத்தம்! வெண்ணெய் உருகுவது போல... இரும்புக்குள்ளிருந்து இப்படியொரு மென்மையா என்று கண் கலங்கிவிட்டது.

கூடவே இன்னொன்றும் கேட்டது. தூரத்தில். தட்.

“இன்னிக்கி எவன்டா பிரஸ் ஓட்டறான்?” என்றான் சிவராஜ்.

பிரதாப் கட்டிலை விட்டு இறங்கி ஜன்னலைச் சாத்தினான்.

மறுபடி மிதித்தான். தட். இப்போது பக்கத்துத் தெருவில். இன்னொரு முறை. தட்... சுவருக்கு அந்தப் பக்கம். கூஜா மூடி குதித்தது.

இரண்டாவது சோதனை, வால். சுரம் அடங்கும்போது மட்டமான பெடல் இருமி இருமிச் சாகும். நல்லது மெல்லக் கரையும். ஒரு சுரத்தை அடித்து, காதை ஆம்ப்ளிஃபயரிடம் வைத்தான். கரைந்தது. கரைந்து முடியும் இடத்தில் ஓர் ஆணின் குரல்.

“...முப்பத்தொம்போது...”

“ரேடியோடா” என்றான் சிவராஜ். ஃபஸ் பெடல் சில நேரம் ரேடியோவைப் பிடிக்கும். அது உண்மைதான். ஆனால் எந்த ரேடியோவில் எண்ணிக்கை சொல்வார்கள்? பிரஸ் ஆபரேட்டர்தான் தகட்டை எண்ணிக்கொண்டே அடிப்பான்.

பிரதாப் கதவோரம் போய் நின்றான்.

“நிறுத்துடா.”

மூன்றாவது சோதனை, கிட்டாரின் வால்யூமைக் குறைப்பது. நல்ல ஃபஸ் என்றால் கரகரப்பு போய்க் கம்பி தெளிவாகக் கேட்கும். குறைத்தான். கம்பி மறைந்தது. தெளிவாகக் கேட்டது குரல்.

“...நாப்பது...”

தட்.

அவன் மிதிக்கவில்லை.

மூன்று நாற்பத்தேழு. கரண்ட் போனது. ஃபேன் நின்றது. ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு அணைந்தது.

சத்தம் நிற்கவில்லை.

பெடலின் அடிமூடி தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே பேட்டரி இருக்க வேண்டிய கிளிப்... காலி.

காலை வெளியே இழுத்தான். வரவில்லை. இரும்பு சுட்டது. மெஷின் சூடு அல்ல. காய்ச்சல்காரன் கையின் சூடு. கணுக்காலைச் சுற்றி, ஐந்து விரலாக.

“பிரதாப்! ஒயரப் புடுங்குடா!”

பிரதாப் ஓடி வந்தான். மண்டியிட்டான். சிமெண்டுத் தரையில் இடது கையை ஊன்றி, வலது கையால் ஒயரைப் பிடித்தான்.

“...நாப்பத்தொண்ணு...”

“மாப்ள... கால அமுக்காத... அமுக்காதடா!”

“நான் இல்லடா! நான் இல்ல!”

கால் கீழே போனது.

தட்.

மேலிருந்து எதுவும் இறங்கவில்லை. காற்றுதான் இருந்தது. ஆனால் பிரதாப்பின் இடது கை தரையோடு தரையாக நசுங்கியது. எலும்பு உடையும் சத்தம் தனித்தனியாகக் கேட்டது. ரத்தம் சுவரில் ஆள் உயரத்துக்குத் தெறித்தது. இரண்டு விரல்கள் துண்டாகிக் கட்டிலடியில் உருண்டன. பிரதாப் அலறினான். அந்த அலறலும் ஆம்ப்ளிஃபயர் வழியாகத்தான் வந்தது...

மென்மையாக.

மூன்று ஐம்பது. சிவராஜின் கால் விடுபட்டது.

தரையில் ஒரு கீறல்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எதையும் விசாரிக்கவில்லை. ஓசூரில் இது அவருக்குத் தினப்படி வேலை. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, “எந்தக் கம்பெனி? நல்ல நாள்லகூடவா ஓட்டறீங்க?” என்று மட்டும் கேட்டார். உள்ளங்கை எலும்புகளில் ஓர் அரைவட்டம் பதிந்திருந்தது. அதற்குள் மூன்று துளைகள். கம்பாஸ் வைத்து வரைந்தது போல வட்டமாக. ஏதோ ஒரு டையின் அடையாளம்.

பத்து நாள் கழித்து, எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு சிப்காட்டில் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினான் சிவராஜ். ஒரு கேட்டில் வாட்ச்மேன் பரமசிவம் படத்தை வாங்கிப் பார்த்தார்.

“இது எங்க நாலாம் நம்பர் பிரஸ் டைய்யிப்பா. போன வருசம் ஆயுத பூஜ அன்னிக்கி, பூஜ போட்டப்புறம், அவசர ஆர்டர்னு ஓட்டுனாங்க. ஆபரேட்டர் லீவு, எலக்ட்ரீசியன் மாதப்பனத்தான் நிக்க வெச்சாங்க. அவன் கை போச்சி. பெங்களூரு போறதுக்குள்ள ரத்தம் வடிஞ்சி செத்துட்டான். அந்த டைய்ய அப்பவே உருக்கிட்டாங்களே. இது எங்கருந்து வந்துச்சி?”

“கை உள்ள இருக்கும்போது யாரு மிதிச்சது?”

“ஹெல்ப்பர் பையன் ஒருத்தன். திண்டுக்கல்லுக்காரன். அன்னிக்கே ஓடிட்டான்.”

சிவராஜ் பெடலைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். பெங்களூர் போகவில்லை. பிரஸ் வேலையையும் விட்டான், நினைத்தபடியே பத்து விரலோடு. பைக்கைக்கூட விற்றுவிட்டான். பின்பிரேக் வலது காலில் இருக்கிறது.

பிரதாப்பிடம் நேராகவே கேட்டான், “அந்த ஹெல்ப்பர் நீதானாடா?” பிரதாப் கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டான்.

“நாங்க கரெக்டா நாப்பத்தொண்ணு அடிச்சோம்டா. நாப்பத்திரெண்டாவது தகடு உள்ள மாட்டிக்கிச்சு. அண்ணன் கைய விட்டு எடுத்தாரு. இரு இரு, மிதிக்காதன்னு கத்துனாரு. எனக்கும் அன்னிக்கு அப்படித்தான்டா...”

“எப்படி?”

“நான் மிதிக்கல மாப்ள. என் கால யாரோ அமுக்குனாங்க.”