தங்கச்சி வீட்டுப் பொயிலர்

கனடாவில் இருக்கும் தங்கச்சியின் புருசன் போன ஆடி மாதம் வாட்ஸ்அப்பில் மூன்று படம் அனுப்பினான். மூன்றும் பொயிலர். வீட்டுக்கு வெளியே, வளவுக்குள் வைப்பது. பார்க்கத் தகரக் கொட்டில் மாதிரி, மேலே புகைபோக்கி. உள்ளே விறகு எரியும். சுற்றியிருக்கும் தண்ணீர் சூடாகி, குழாய் வழியே வீட்டுக்குள் போய், அறைகளைச் சூடாக்கிவிட்டுத் திரும்பி வரும். படங்களுக்குக் கீழே "மச்சான், எதை வாங்க?" என்று கேட்டிருந்தான்.

வீட்டைச் சூடாக்குவது எப்படி என்று திருகோணமலையில் இருப்பவனிடம் கேட்கிறான். இங்கே வீட்டைக் குளிராக்கத்தான் பாடுபடுகிறோம். ஆனாலும் ஆள் பிழையில்லை. துறைமுகப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் விறகுப் பொயிலருக்கு முன்னால் நின்றவன் நான். கையிலும் நெஞ்சிலும் அதன் தழும்பு இருக்கிறது. பொயிலர் பற்றி எனக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை என்றுதான் அன்று வரை நினைத்திருந்தேன்.

அவன் ஏன் கேட்டான் என்பதும் தெரியும். அதற்கு முந்திய குளிர்காலத்தில் அவர்கள் வீட்டு எண்ணெய்ச் சூடாக்கி நின்றுவிட்டது. அவன் லொறி ஓட்டுகிறவன், எங்கேயோ தூரத்தில் பனிக்குள் நிற்கிறான். திருத்துகிறவர்கள் வர மூன்று நாள் எடுத்தது. தங்கச்சி தனியே கோட்டும் சப்பாத்தும் போட்டபடி கட்டிலில் கிடந்தாள். அவளுக்கு மூட்டுவாதம். மூன்றாம் நாள் போனைப் பிடிக்கவே விரல் மடங்கவில்லை.

"இன்னொரு விண்டர் இப்பிடி வந்தால் நான் இஞ்ச இருக்கமாட்டன் அண்ணா. வித்துப்போட்டு டவுனில ஒரு அறைக்குப் போறன்" என்றாள்.

அந்த வீடு அவள் மீன் வெட்டும் கம்பனியில் பதினேழு வருஷம் நின்று வாங்கினது. அதை ஒரு சூடாக்கிக்காக விடுவதா? விடமாட்டேன் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

மச்சானுக்கு இருந்ததிலேயே பெரிய பொயிலர்தான் வேண்டுமாம். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்புக் கீழே படித்தவன். எங்களுக்குள் மரியாதை கிடையாது.

"பெரிசெண்டால் நாளுக்கு ஒருக்கா விறகு போட்டால் காணும் மச்சான். பச்சை விறகும் எரியுமாம். கடைக்காரன் சொன்னவன்."

"கடைக்காரன் வந்து உன்ர புகைபோக்கியைச் சுரண்டுவானோ? வீடு எத்தினை அறை?"

"மூண்டு."

"மூண்டறைக்கு உந்தக் கப்பல் பொயிலரோ? தண்ணி கெதியாச் சூடாகும். பிறகு அது தானாக் காத்தை அடைச்சுப்போட்டு நிக்கும். நெருப்பு எரியாமல் புகையும். புகையெல்லாம் உள்ளுக்குத் தாராப் பிடிக்கும். மூண்டு வருசத்தில இரும்பு அரிச்சுக் கொட்டும். விளங்குதோ?"

"நீ கத்தாத, விளங்குது."

அவனுக்கு விளங்கவில்லை. எனவே தங்கச்சியைக் கூப்பிட்டேன். போனைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடக்கச் சொன்னேன். எத்தனை ஜன்னல், எந்தச் சுவரில் காற்று வருகிறது, கூரைக்குக் கீழே சூடு போகாமல் பஞ்சு அடைத்திருக்கிறதா, எல்லாவற்றையும் பார்த்து எழுதினேன். இங்கே பின்னேரம் ஐந்து மணி, அங்கே காலை. அவள் தேத்தண்ணி குடிக்கக்கூட விடவில்லை. கடைசியாக மச்சானையும் கூட்டிக்கொண்டு விறகு அடுக்கின இடத்துக்குப் போகச் சொன்னேன்.

"மச்சான், ரெண்டு கட்டையை எடுத்து ஒண்டோட ஒண்டை அடி. போனுக்குக் கிட்ட."

அடித்தான். தலையணையை அடித்த மாதிரிச் சத்தம்.

எங்கள் தொழிற்சாலைக்குக் கிண்ணியாவில் இருந்து விறகு கொண்டுவரும் முஸ்லிம் பெரியவர், நாங்கள் 'நானா' என்போம், லொறியில் நின்றே பாலை மரக் கட்டைகளை இப்படித் தட்டிப் பார்த்துத்தான் இறக்குவார். காய்ந்தது கணீர் என்று கேட்கும். ஈரம் உள்ளதை அவரே ஒரு பக்கம் எறிந்துவிடுவார்.

"எப்ப தறிச்சது?"

"போன கிழமை."

"அதை எரிச்சால் தண்ணியைத்தான் எரிப்பாய். இண்டைக்கே பிள. மேல மட்டும் மூடு, பக்கத்தை மூடாத. அடுத்த வருசத்துக்குத்தான் அது. இந்த வருசத்துக்குக் காய்ஞ்ச விறகு ஆரிட்டயும் தேடு."

"உனக்கு அங்க ஓர்ஸ் ஹில்லில வெயிலுக்க கதிரையில இருந்துகொண்டு சொல்லுறது சுகம்" என்று முணுமுணுத்தான். ஆனாலும் பிளந்தான். பொயிலரும் மூன்றில் சின்னதைத்தான் எடுத்தார்கள். வென்றுவிட்டேன் என்று எனக்குப் பெருமை.

அந்தப் பெருமையில்தான் பிழை விட்டேன்.

பொயிலரில் இருந்து வீட்டுக்கு நூறடிக் குழாய் போகவேண்டும். கடைக்காரன் நிலத்துக்கடியில் புதைக்கச் சொன்னானாம். நான் கூடவே கூடாது என்றேன். சுடுதண்ணிக் குழாயை ஒருநாளும் மண்ணுக்குள் விடாதே, கண்ணுக்குத் தெரிந்தால்தான் ஒழுக்குத் தெரியும். எங்கள் தொழிற்சாலையில் அது சட்டம். மண்ணுக்குள் தாட்ட குழாய் ஒன்றின் ஒழுக்கை நாலு நாள் கிண்டித் தேடினவன் நான். குழாய்க்குத் தடிப்பாகப் பஞ்சு சுற்றி, நிலத்துக்கு மேல் கால் நட்டுக் கொண்டுபோகச் சொன்னேன்.

முதல் சண்டையில் தோற்றதால் மச்சான் மறுபேச்சுப் பேசவில்லை. "ஓம், ஓம்" என்று கால் நடவும் தொடங்கிவிட்டான். தங்கச்சிதான் ஒரு படம் அனுப்பினாள். தோட்டத்துக் குழாய், நீளத்துக்குப் பிளந்து வாயைத் திறந்தபடி கிடக்கிறது.

"இது போன விண்டரில வெடிச்சது அண்ணா. இஞ்ச தண்ணி உள்ளுக்குக் கல்லாகும். பொயிலர் ஒருநாள் நிண்டால் நீங்கள் சொல்லுற குழாயும் இப்பிடித்தான்."

முப்பது வருஷத்தில் சூடு குழாயை வெடிக்க வைத்ததைப் பார்த்திருக்கிறேன். குளிர் வெடிக்க வைக்கும் என்று ஒரு தடவையும் யோசித்ததில்லை. எனக்குச் சரியான கோபம். யாரில் என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டு நாள் அவர்களுடைய அழைப்பை எடுக்கவில்லை. என்ன மடத்தனம்! நான் கோபித்துக்கொண்டு இருந்தால் அங்கே குளிர் நிற்குமா? மூன்றாம் நாள் நானே எடுத்தேன்.

"நான் சொன்னது பிழை. குழாயைத் தாட்டுவிடுங்கோ. நிலம் எவ்வளவு ஆழத்துக்கு உறையும்?"

"நாலடி" என்றான் மச்சான். பிறகு, "நீ பிழையெண்டு சொன்னதை இன்னொருக்காச் சொல்லு, ரெக்கோர்ட் பண்ணவேணும்."

"வை போனை!" என்றேன். அவன் வைக்கவில்லை.

புதைப்பது என்றால் புதைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. மண்ணுக்குள் ஒரு பொருத்துக்கூட வரக்கூடாது, ஒரே நீளக் குழாய். காற்றடைத்து, அமுக்கம் பார்க்கும் கேஜைப் பூட்டி, ஒரு முழுநாள் விடவேண்டும். முள் அசையாவிட்டால்தான் மண் போடலாம். மண் தள்ளுகிற மிசினோடு பக்கத்துக் காணிக்காரர் வந்து காத்து நின்றார். மழை வரப்போகிறதாம். மச்சான் கெஞ்சினான்.

"அந்த மனுசன் ஓசியில செய்யுறார். இண்டைக்கு மூடுவம்."

"முள்ளைக் காட்டு."

காட்டினான். இறங்கியிருந்தது. கொஞ்சம்தான், ஆனால் இறங்கியிருந்தது.

"அது ஒண்டுமில்லை மச்சான்."

"ஒண்டுமில்லையெண்டால் ஏன் இறங்குது? அவரிட்ட நான் கதைக்கவோ?"

என்னுடைய இங்கிலீசுக்குப் பயந்தோ என்னவோ அவனே போய்ச் சொன்னான். அவர் மிசினை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சவுக்கார நுரை பூசிப் பார்த்ததில் வீட்டுச் சுவரோடு இருந்த பொருத்தில் குமிழி வந்தது. இறுக்கினார்கள். மழையும் வந்து, குழாய்க்கு வெட்டின கிடங்கு நிறைந்தது. தங்கச்சி வாளியால் இறைத்தாள், மச்சான் என்னைத் திட்டிக்கொண்டு இறைத்தான். அடுத்த நாள் முள் அசையவில்லை. அதன் பிறகுதான் மூட விட்டேன்.

தை மாதம் ஒரு பின்னேரம் தங்கச்சி எடுத்தாள். வெளியே வாசல்படி தெரியாத அளவுக்குப் பனி. மச்சான் லொறியோடு போய் ஐந்து நாள். விறகு அவளேதான் போடுகிறாளாம், காலையும் மாலையும். போனைத் திருப்பிக் காட்டினாள். குசினி ஜன்னல் பாதி திறந்து கிடக்கிறது.

"ஆர் உன்னை ஜன்னலைத் திறக்கச் சொன்னது?"

"வேர்க்குது அண்ணா."

"வேர்த்தால் சூட்டைக் குறை! அதுக்கு உன்ர புருசன் சுவரில ஒரு திருகு வைச்சிருக்கிறான். நெருப்பை வளவுக்குள்ள கொட்டுறியோ? ஜன்னலைப் பூட்டு!"

அவள் சிரித்துக்கொண்டு பூட்டினாள். வீடு விற்கும் கதையை நான் கேட்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. கோடையில் விறகு வைக்கக் கொட்டிலொன்று போடவேணும், எந்தப் பக்கம் போட்டால் காற்றுப் பிடிக்கும் என்று கேட்டாள். வளவைக் காட்டச் சொன்னேன்.