சீல் வைத்த கடையில் பாட்டு

கதவுக்குக் குறுக்கே போலீஸ் ஒட்டிய காகித சீல் பனியில் நனைந்து ஓரம் சுருண்டிருக்கும். ஆனால் கடை பூட்டிக் கிடந்த நாற்பது நாளும் கிழியவில்லை. கம்போங் ராஜா போகும் ரோட்டில், எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு எதிரே இருந்த பாய் கடை அது. பின்னறையை வாடகைக்கு எடுத்தவன் கள்ளச் சிகரெட் அடுக்கி வைத்திருந்தான். பாய்க்குத் தெரியாது. போலீஸ் எங்களை ரோட்டுக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, சாமான்களைப் பெட்டி பெட்டியாக லோரியில் ஏற்றியது. பட்டியலில் பாய் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலமே கடைக்குள் ரேடியோ பாடியது. பாய் எப்போதும் வைக்கும் அளவுக்குத்தான் சத்தம். பகலில் ரோட்டு இரைச்சலில் கேட்காது, பனி இறங்கினால் கேட்கும். "ஆப் பண்ணாம பூட்டிட்டானுங்க லா. என்னைய வெளிய நிறுத்திட்டு என் கடை பாட்டு கேக்குது பாரு தம்பி" என்று பாய் சிரித்தார்.

தானா ராத்தா டவுனில் இருந்த லாயர் அம்மா வழி சொன்னார். முதலில் விசாரணை அதிகாரிக்கு, சீலை எடுக்கச் சொல்லிக் கடிதம். கிடைத்தது என்று நகலில் முத்திரை வாங்க வேண்டும். பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. பதில் வரவில்லை. மனு போட்டோம். சீலுக்குப் பிறகு யாரும் உள்ளே போகவில்லை என்று சொல்ல எதிர்வீட்டுக்காரன் வேண்டும். அது நான். யாராவது போனதாகத் தெரிந்தால் கடையும் போகும், பாய் மேல் வழக்கும் வரும் என்று லாயர் அம்மா எச்சரித்தார்.

கோர்ட்டில் அதிகாரி பட்டியலை வாசித்தார். சிகரெட் பெட்டிகள். தராசு. ரேடியோ ஒன்று. எல்லாம் சீல் வைத்த அன்றே ஸ்டேஷனுக்குப் போய்விட்டன. பாய் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

யாராவது உள்ளே போனார்களா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். இல்லை என்றேன். வெளிச்சமோ சத்தமோ? சத்தம் கேட்டது என்று சொன்னால், யாரோ உள்ளே இருந்ததாகத்தான் எழுதுவார்கள். இல்லாத ரேடியோ பாடியது என்று எந்த மனுவில் எழுத முடியும்? அதற்கும் இல்லை என்றேன். சத்தியம் செய்துவிட்டு நான் சொன்ன ஒரே பொய் அது.

திறக்க உத்தரவு கிடைத்தது. அதிகாரி வந்து சீலைக் கிழித்தார். உள்ளே எல்லாவற்றிலும் பூசணம். அலமாரியில் ரேடியோ இருந்த இடம் மட்டும், சதுரமாக, இப்போதுதான் எடுத்தாற்போல் சுத்தமாக இருந்தது. அதிகாரி திரும்புவதற்குள் பாய் தோள்துண்டால் அந்தப் பலகை முழுவதையும் துடைத்தார். வெளியே வந்து, "நீ கேக்கல. நானும் கேக்கல" என்றார். மற்ற சாமான்களை ஸ்டேஷனிலிருந்து வாங்கி வந்தார். ரேடியோவை வாங்கவில்லை.

பாய் இப்போது இல்லை. மகன் நடத்துகிறான். கடையில் ரேடியோ கிடையாது. போன வாரம் ஒரு சாயங்காலம், பனி இறங்கியிருந்தது. கதவைப் பூட்டியவன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். போகவில்லை.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. கடைக்கு சீல் வெச்சிருந்தப்ப உள்ள எதுவும் கேக்கலியா?"

"கேக்கல" என்றேன்.

பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது ஆரம்பித்தது.