தொட்டி போகிற ஊரின் காற்று

விரி என்ற இந்தத் தொழிற்பேட்டையில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும். மழையைக் கொண்டுவருவதும் அதுதான். எங்கள் தொட்டியின் வெள்ளைப் புகையில் தலைக்கு மேலுள்ள புகைக் கூண்டு உறிஞ்சியது போக மிஞ்சியதை ரயில் பாதைக்கு அப்பால் கொண்டுபோவதும் அதுதான். உருகிய துத்தநாகத்தில் இரும்புத் தூண்களை முக்கி எடுப்பது எங்கள் வேலை. துருப்பிடிக்காத தூண்கள், இந்தத் தீவின் மாட்டுப் பண்ணைகளுக்கு வேலி. உருகிய உலோகத்தின்மேல் பாலாடைபோல ஓர் ஏடு படியும். வழித்துத் தள்ளினால் அடியில் ஒரு வெளிச்சம் தெறிக்கும். எத்தனையோ குளிர்காலங்கள் அந்த வெக்கையில் நின்றேன். மனுரேவாவில் வாங்கிய வீட்டுக்கு மோர்ட்கேஜ் கட்டியது அந்த வெக்கைதான்.

பிறகு ஓடை. எங்கள் தொழிற்சாலை முற்றத்தில் விழும் மழை அதில் சேர்ந்து, கண்டல் மரங்களுக்குள் நுழைந்து, சேற்றுக் கடலுக்குப் போகும். என் மகள் அதன் கரையில் சனிக்கிழமைகளில் மரம் நடுகிறவள். தண்ணீரில் உலோகம் கூடிவிட்டது என்று நகரசபையிடம் போனவர்களில் அவளும் ஒருத்தி. மழைநீரைச் சுத்தமாக்கி விட்டால்தான் அனுமதி என்று தீர்ப்பாயிற்று. கொம்பனி யோசித்துப் பார்த்தது. வெளிநாட்டில் முக்கி எடுத்த தூண்களைக் கப்பலில் இறக்குவது மலிவு. தொட்டி கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு விலையானது.

"மூடச் சொல்லவில்லை அப்பா. சுத்தமாக்கத்தான் சொன்னோம்," என்றாள் மகள், ஆங்கிலத்தில். அவள் சொன்னது சரி. சரியான ஒன்றோடு எப்படிச் சண்டை பிடிப்பது? சோற்றைப் பிசைந்தேன்.

எனக்குத் தமிழ் தெரியும் என்பதால், கடைசி வாரங்களில் வாங்கியவர்களின் போர்மனோடு வீடியோவில் கதைக்கிற வேலையை மேலாளர் என்னிடம் தந்தாள். அங்கே தொட்டியை எங்கே இறக்குவது என்று வரைபடத்தில் முடிவு செய்ய வேண்டும். இங்கே பிற்பகல், அவருக்குக் காலை.

"வணக்கம்ங்க சார். அங்க குளிருதுங்களா?"

"ஓம், குளிர்தான். சாப்பிட்டாச்சோ தம்பி?"

"ஆச்சுங்க. நீங்க ஓம்னு சொல்றப்பல்லாம் பூசையில உக்காந்த மாதிரியே இருக்குதுங்க."

"நான் சேர்ச்சுக்குப் போறவன் தம்பி. அந்தப் புண்ணியத்தை நீங்களே வச்சுக்கொள்ளுங்கோ."

சிரித்தார். போனைத் தூக்கிக்கொண்டு தொட்டியைச் சுற்றிக் காட்டினேன். மேலே தொங்கும் புகைக் கூண்டைக் காட்டியபோது, "அது எங்களுக்கு வராதுங்க," என்றார். "முதலாளி தொட்டிய மட்டுந்தான் வாங்கினாரு. அந்த ஃபேன் ஓட்டுனா கரண்டு தின்னுமாமுங்க."

மேலாளரிடம் போனேன். இரும்புக்கு வெட்டப்போகிற கூண்டுதானே, சும்மா ஏற்றிவிடுங்கள் என்றேன். அவள் கேட்டும் பார்த்தாள். அங்கிருந்து வேண்டாம் என்றே பதில் வந்தது. "என்னால் முடிந்தது இவ்வளவுதான்," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். நல்ல மனுசி.

அடுத்த முறை போர்மன் வீடியோவில் வந்ததும் சொன்னேன். கூண்டில்லாத தொட்டிக்குக் காற்றுத்தான் கூண்டு. அந்தப் புகை நெஞ்சுக்குள் போய்ப் படியும். கூண்டு வருமுன் இங்கே நின்ற கிழவர்களின் இருமல் எனக்குத் தெரியும்.

"உங்கட ஊரில காத்து எந்தப் பக்கம் இருந்து, தம்பி?"

"ஆடியில மேக்கால இருந்துங்க. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து. ஆளையே தள்ளும்."

வெளியே போய்க் காட்டச் சொன்னேன். ஒரு கை மண்ணை அள்ளி உயர்த்தி விட்டார். செம்மண் கலைந்து, கொட்டகையின் ஓரமாகக் கிழக்கே ஓடியது.

"அப்ப தொட்டியைக் கிழக்குக் கதவடியில வைப்பம். கதவைத் திறந்து விட்டா புகை அப்பிடியே வெளியில போயிடும். நீங்கள் மேற்கில நில்லுங்கோ."

அவர் கையில் போன் மெல்லத் திரும்பியது. கிழக்குக் கதவுக்கு வெளியே, மண் போன வழியில், ஒரு வரிசை ஓட்டு வீடுகள். கொடியில் பள்ளிச் சீருடைகள். யாரோ ஒரு பெண் குடத்தைச் சாய்த்துக் குழாயைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"எங்க லைன் வீடுங்க," என்றார். "மூணாவது என்னுது."

வரைபடம் மேசையில் கிடந்தது. என் பென்சில் கிழக்குக் கதவின்மேல் நின்றது. எங்கள் ஓடையில் இனித் தண்ணீர் தெளியும். மகள் நட்ட மரம் பிழைக்கும். அந்தத் தொட்டியில் முக்கி எடுத்த தூண் ஒருநாள் இந்தத் துறைமுகத்திலேயே வந்து இறங்கவும் கூடும். இவ்வளவும் எனக்கு அந்தக் கொடியைப் பார்த்தபோது தெரிந்தது. தெரிந்து என்ன?

"தம்பி, கதவைத் திறக்காட்டி எல்லாம் உங்களுக்குள்ளதான் நிக்கும். விளங்குதோ?"

"வெளங்குதுங்க."

"முதலாளியிட்ட இன்னொருக்கால் கேட்டுப் பாருங்கோவன்."

"கேட்டாச்சுங்க. ரெண்டு தடவ. மூணாவது கேட்டா, வேற ஆளுட்ட இந்தப் போனக் குடுத்துருவாரு." போனைத் தன் பக்கம் திருப்பிச் சொன்னார்: "கிழக்குக் கதவு வேண்டாங்க. செவுரா அடைச்சிரலாம். தொட்டி மேக்காலயே இருக்கட்டும். நாங்க பெரியவங்க தாங்கிக்குவோம்."

"முகத்தை ஈரத்துணியால கட்டுங்கோ," என்றேன்.

"கட்டிக்கறோம்ங்க. நீங்க போட்டுருங்க."

கதவை அழித்தேன். காகிதம் கொஞ்சம் தேய்ந்தது. அந்த இடத்தில் சுவரின் கோட்டை நேராக இழுத்து, அவருக்குத் தெரியும்படி போனுக்கு முன்னால் பிடித்தேன். சரியாகத்தான் இருக்கிறது என்று தலையாட்டினார்.