சங்கத்தில் சேராத ஷர்மிளா டீச்சர்

ஆசிரியர் சங்கக் கிளைச் செயலாளருக்குப் பாதி வேலை ஆள் சேர்ப்பது. மீதி, சேராதவர்களிடம் பேச்சு வாங்குவது. எந்தச் சங்கத்துக்காவது படிவம் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களுக்கு என் பாடு விளங்கும். நான் மாத்தளை மாவட்டத்தில், இரத்தோட்டைப் பக்கம் ஒரு தமிழ்ப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன்.

படிவம்

கணிதம் படிப்பிக்கப் புதிதாக வந்தவர் ஷர்மிளா. இருபத்தாறு வயது, வீட்டில் கைக்குழந்தை. முதல் வாரமே இடைவேளையில் படிவத்தை நீட்டினேன். வாங்கி முழுவதும் படித்தார். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார். கையெழுத்துப் போடப்போகிறார் என்று பேனா மூடியைக்கூடத் திறந்துவிட்டேன். மரியாதையாகத் திருப்பித் தந்தார்.

“நான் படிப்பிக்க வந்தேன் டீச்சர், கோஷம் போட வரல.”

வேலைநிறுத்தம்

சம்பள முரண்பாட்டுக்காக எல்லாரும் சுகயீன லீவு போட்ட நாள். நாங்கள் மாத்தளை டவுனில் பதாகையோடு வெயிலில் நின்றோம். ஷர்மிளா மட்டும் பாடசாலைக்குப் போய் ஓ.எல். பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தியிருக்கிறார். மறுநாள் ஸ்டாஃப் ரூமில் யாரும் அவருக்கு முகம் கொடுக்கவில்லை. எனக்கும் கோபந்தான். “எங்களக் கைவிட்டுட்டீங்களே?” என்று கேட்டேவிட்டேன். அவர் தலைகுனியவில்லை.

“நீங்க போராடுறது நியாயந்தான் டீச்சர். ஆனா பரீட்சைக்கு மூணு வாரம் இருக்கிறப்ப பிள்ளைங்கள விட்டுட்டு வர என்னால முடியாது.”

கடிதம்

அடுத்த பாடசாலைத் தவணையின் நடுவில் ஷர்மிளாவுக்கு இடமாற்றக் கடிதம் வந்தது. கலேவெலவுக்கும் அப்பால் ஒரு பாடசாலை. மூன்று பஸ் மாற வேண்டும். பைப்படியில் நின்று அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போனார். “ஸ்ட்ரைக்குக்கு வராதவங்களுக்கு நாம ஏன் அலையணும்?” என்றார்கள் சங்கத்தில் சிலர். இன்றைக்கு அவருக்கு நடப்பது நாளைக்கு நமக்கும் நடக்கும் என்று சொல்லிவிட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு கல்விப் பணிமனைக்குப் போனேன்.

பேசத்தான் போனேன், ஆனால் பேசியது அவர். வருட நடுவில் மாற்றக்கூடாது என்ற சுற்றறிக்கையைப் போனில் எடுத்து, சிங்களத்திலேயே பந்தி பந்தியாக வாசித்தார். அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். அரைமணி நேரத்தில் கடிதம் ரத்தானது. எழும்பும்போது அதிகாரி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“செயலாளர் நீங்களா, இவங்களா?”

கூட்டம்

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு ஷர்மிளா வந்தார், பல்லேபொலப் பக்கத்து இளம் டீச்சர்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு. வரவேற்புரை, தலைமையுரை, நாலு வாழ்த்துரை எல்லாம் முடியும்வரை பொறுமையாக இருந்தார். பிறகு எழுந்து, இடமாற்ற விதிகளைப் புதியவர்களுக்குத் தமிழில் விளக்க ஒரு குழு வேண்டும், அதைத் தானே நடத்துகிறேன் என்றார். “அப்ப மெம்பராகிடுங்க” என்றார் எங்கள் தலைவர், ஜெயித்துவிட்ட முகத்தோடு.

“ஆகிறேன் சேர். ஆனா இனி ஸ்ட்ரைக்னா, முதல்ல எங்ககிட்டயும் வோட்டு எடுக்கணும்.”

இளம் ஆசிரியர்களுக்குச் சங்கம் பிடிக்காது என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். அவர்களுக்குப் பிடிக்காதது எங்கள் வாழ்த்துரைகள்தான், உண்மையைச் சொன்னால் எனக்கும் பிடிக்காது.