மிளகாய்க் கை

வலது ஆட்காட்டி விரலைக் கண்ணோரத்தில் வைத்துக்கொண்டு எவரிஸ்தோ மனசுக்குள் இருபது எண்ணுகிறார். பன்னிரண்டிலேயே கண் சிவந்து நீர் கொட்டுகிறது. திரும்பவும் தொட்டிக்குப் போய்ச் சாம்பலைப் போட்டுத் தேய்க்கிறார். காலையிலிருந்து இது ஆறாவது தடவை.

அவர் பறிப்பது சில்தெபின், பட்டாணியைவிடச் சின்ன உருண்டைக் காட்டு மிளகாய். வீட்டில் நட்டு வைத்தால் செடி வெயிலில் கருகிப்போகும். மலையோடை ஓரத்து முள்மரத்து நிழலில், பறவை எச்சமிட்ட இடத்தில்தான் அதுவாக முளைக்கும். பழுத்ததும் ஊரே மலையேறும். மற்றவர்கள் கிளையோடு ஒடித்து வந்து வீட்டில் உதறுவார்கள். எவரிஸ்தோ ஒவ்வொன்றாகக் கிள்ளுவார். "ஒடிச்சா அடுத்த வருசம் குருவிக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது." அந்தப் பிடிவாதத்தின் காரம் நகக்கண் வரை ஏறிக் கிடக்கிறது. சோப்புக்கு அசையாது.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூட்டாளி செமா கத்துகிறான்: "மிளகாய் பறிக்கிறவன் ஒண்ணுக்குப் போறதுக்கு முன்னாடிதான்யா கை கழுவுவான். உனக்கென்ன, இன்னைக்கு நிக்கவே மாட்டேங்குதா?"

எவரிஸ்தோ சிரிக்கவில்லை. மகள் இமெல்தா நாற்பது நாள் குழந்தையோடு நேற்று வந்தாள். சேதி எட்டியபோது இவர் மலையில் இருந்தார். இன்று மூன்று மணி பஸ்ஸில் கிளம்புகிறாள். புருஷனோடு எல்லை தாண்டி அடுத்த நாட்டுக்குப் போனால் எப்போது திரும்புவாளோ. பேத்தியை இவர் இன்னும் தொடவில்லை.

இமெல்தாவுக்கு இரண்டு வயதிருக்கும்போது, அழுதவளின் மூக்கைத் துடைக்கப்போய் அவள் கண்ணில் இந்தக் கை பட்டுவிட்டது. இரண்டு நாள் கண் திறக்கவில்லை. அவளுக்கு அது ஞாபகமில்லை.

"துணியச் சுத்திக்கிட்டுத் தூக்கேன்யா" என்கிறாள் மனைவி சாயோ.

"துணியிலயும் ஏறும்டி. புள்ள கைய எப்பவும் வாயிலதானே வச்சிருக்குது!"

எலுமிச்சை, பன்றிக்கொழுப்பு, பால் எல்லாம் தேய்த்தாயிற்று. மறுபடி விரல் கண்ணோரம் போகிறது. ஒன்பதிலேயே எரிகிறது.

தெருமுனையில் பஸ் ஹாரன் அடிக்கிறது. இமெல்தா வாசலுக்கு வந்துவிட்டாள். "அப்பா, ஒரே ஒரு தடவ புடிங்களேன். ஒண்ணும் ஆகாது."

அவர் இரண்டடி பின்னால் போகிறார். "சாயோ, இந்தச் சட்டைக் கைய மேல சுருட்டி விடு. இன்னும் மேல. நல்லா சோப்புப் போட்டுக் கழுவு."

அவள் கழுவித் துடைத்துவிட்டதும், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு மண்ணில் மண்டி போடுகிறார். மிளகாய் எட்டாத வெற்று முழங்கையை, இமெல்தா குனிந்து நீட்டும் குழந்தையின் பக்கம் திருப்புகிறார். சின்ன விரல்கள் ஐந்தும் அந்தச் சொரசொரத்த தோலைப் பிடித்துக்கொள்கின்றன. ஹாரன் மறுபடி அடிக்கிறது. எவரிஸ்தோ முழங்கையை அசைக்கவில்லை.